எழுத்து ஏன் அடுத்த லேபலில் ஏறுகிறது? வேர்டில் லேபல் அச்சிடத் தொடங்குவோருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் உள்ள ஒரு போட்டோஸ்டாட் கடையில் மாலை நேரங்களில் உட்காருகிறேன். தீபாவளிக்கு மூன்று நாலு வாரம் இருக்கும்போது அங்கே லேபல் காலம் தொடங்கிவிடும். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை, மிளகாய்த்தூள், ஊறுகாய் என்று வீட்டில் செய்து விற்பவர்கள் பென்டிரைவோடு வருவார்கள். கோயில் திருவிழாவுக்கு முன்னால் இன்னொரு காலம். அப்போது கமிட்டிக்காரர்கள் அழைப்பிதழ் உறைகளுக்கு முகவரி அடிக்க வருவார்கள். இரண்டு கூட்டமும் கொண்டுவரும் பிரச்சினை பெரும்பாலும் ஒன்றுதான்.

போன வருஷம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். மாங்காய் ஊறுகாய் போடுகிறவர். கையில் அச்சடித்த லேபல் தாள் ஒன்று, உரித்து ஒட்டும்படி முன்பே வெட்டிய லேபல்கள் வரிசையாக இருக்கும் தாள். முதல் வரிசையில் எழுத்து கொஞ்சம் மேலே தள்ளி நின்றது, பரவாயில்லை. இரண்டாவதில் இன்னும் மேலே. நாலாவது வரிசைக்கு வரும்போது "மாங்காய்" ஒரு லேபலிலும் "ஊறுகாய்" அடுத்த லேபலிலுமாக, வெட்டுக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"எழுத்தெல்லாம் மேல ஏறிக்கிட்டே போவுது, தம்பி. மெஷின் கோளாறா?"

மெஷின் கோளாறு இல்லை. அக்காவின் மகன் வீட்டில் வேர்டில் அடித்துக் கொடுத்தபோது, 24 லேபல் தாளுக்கான டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அக்கா கடையில் வாங்கி வந்ததோ 21 லேபல் தாள். இரண்டிலும் குறுக்கே மூன்று லேபல், அகலமும் ஒன்றே. கண்ணால் பார்த்தால் ஒன்று போலவே தெரியும். உயரத்தில்தான் வித்தியாசம். ஒன்று 33.9 மி.மீ., மற்றது 38.1 மி.மீ. வரிசைக்கு 4.2 மி.மீ. வீதம் கூடிக்கொண்டே போனால் நாலாவது வரிசையில் கோட்டைத் தாண்டத்தானே செய்யும்?

இந்த ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டால் லேபல் விஷயத்தில் முக்கால்வாசி முடிந்தது. அதனால் மெனுக்களுக்குப் போகும் முன் டெம்ப்ளேட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

பெயரைக் கேட்டால் ஏதோ பெரிய சமாசாரம் போலிருக்கும். உண்மையில் அது ஓர் அட்டவணை. கோடு தெரியாத அட்டவணை, அவ்வளவுதான். பள்ளியில் கணக்கு நோட்டில் கட்டம் போடுவோமே, அதே போலத் தாள் முழுக்கக் கட்டம் போட்டு, கட்டங்களின் கோடுகளை மட்டும் மறைத்துவிட்டால் அது லேபல் டெம்ப்ளேட். கட்டங்களின் அளவும் இடைவெளியும் நீங்கள் வாங்கிய லேபல் தாளின் வெட்டோடு மில்லிமீட்டர் கணக்கில் பொருந்தும்படி முன்கூட்டியே அமைத்திருப்பார்கள். தாளில் எங்கே வெட்டு இருக்கிறது என்று பிரிண்டருக்குத் தெரியாது. வேர்டுக்கும் தெரியாது. நீங்கள் சொன்ன எண்ணை நம்பித்தான் இரண்டும் வேலை செய்கின்றன.

நம்பிக்கை வரவில்லையென்றால் சோதித்துப் பாருங்கள். ஒரு லேபல் டெம்ப்ளேட்டைத் திறந்து, கட்டத்துக்குள் கர்சரை வையுங்கள். மேலே அட்டவணைக்கான "லேஅவுட்" பட்டை வரும். அதில் "வியூ கிரிட்லைன்ஸ்" என்பதை அழுத்தினால் மறைந்திருந்த கோடுகள் புள்ளிக் கோடாகத் தெரியும். அச்சில் அவை விழாது. நான் லேபல் வேலை பார்க்கும்போது முதலில் செய்வதே இதைத்தான். கோடு தெரியாமல் லேபல் அடிப்பது, ரப்பர் மரங்களை நட்ட வரிசை தெரியாமல் இருட்டில் பால் வெட்டப் போவது மாதிரி.

இப்போது அளவுகள். மலேசியாவில் நாம் பயன்படுத்துவது ஏ4 தாள், 210க்கு 297 மி.மீ. அமெரிக்காவில் லெட்டர் என்ற வேறு அளவு. அது கொஞ்சம் அகலம், கொஞ்சம் குட்டை, 215.9க்கு 279.4 மி.மீ. நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. இணையத்தில் "லேபல் டெம்ப்ளேட்" என்று தேடினால் முதலில் வந்து நிற்பது 5160 என்ற எண்ணாக இருக்கும். ஒரு தாளுக்கு 30 லேபல் கொண்ட அமெரிக்க லெட்டர் அளவு அது. அதை இறக்கி நம் ஏ4 லேபல் தாளில் அடித்தால் ஒரு வரிசைகூடப் பொருந்தாது.

இந்த எண்கள் எல்லாம் ஏவரி என்ற கம்பெனியின் பொருள் எண்கள். ஸ்டான்டன் ஏவரி என்பவர் 1935இல் அமெரிக்காவில் வெட்டு விழுந்த, தானே ஒட்டிக்கொள்ளும் லேபலைச் சந்தைக்குக் கொண்டு வந்தவர். அதுவரை பசை தடவி ஒட்டுவதும் எச்சில் தொட்டு ஒட்டுவதும்தான். பிறகு மற்ற கம்பெனிகளும் அதே அளவுகளில் வெட்டத் தொடங்கியதால், வேறு பெயரில் விற்கும் லேபல் பாக்கெட்டின் பின்பக்கத்திலும் பல நேரம் அந்த ஏவரி எண்ணைப் போட்டிருப்பார்கள். லேபல் தாள் வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்து எண்ணைப் பாருங்கள். ஏ4 தாளில் எங்கள் கடைக்கு அதிகம் வருபவை இவை: எல் 7160, தாளுக்கு 21, ஒவ்வொன்றும் 63.5க்கு 38.1 மி.மீ.; எல் 7159, தாளுக்கு 24, 63.5க்கு 33.9, எல் 7163, தாளுக்கு 14, 99.1க்கு 38.1, எல் 7651, தாளுக்கு 65, 38.1க்கு 21.2. கடைசியில் சொன்னது மசாலா டப்பி மூடிக்கும் பிள்ளைகளின் பென்சிலுக்கும் சரியாக இருக்கும்.

பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? பலரும் அப்படித்தான் வருகிறார்கள். தாளை எண்ணினாலே போதும். குறுக்கே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி, ஒரு லேபலைப் பள்ளி ரூலரால் அளந்தால் எந்த எண் என்று தெரிந்துவிடும்.

சரி, வேர்டைத் திறக்கலாம். வெற்று ஆவணம் ஒன்றில் மேலே "மெய்லிங்ஸ்" பட்டை, அதில் "லேபல்ஸ்". சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். உடனே எழுதத் தொடங்கத் தோன்றும், பொறுங்கள். முதலில் "ஆப்ஷன்ஸ்". அங்கே எந்தக் கம்பெனி என்று கேட்கும். ஏவரி என்றே இரண்டு மூன்று இருக்கும். "ஏவரி ஏ4/ஏ5" என்று இருப்பதுதான் நமக்கு. "யூஎஸ் லெட்டர்" என்று முடிவது நமக்கு இல்லை. அதற்குள் உங்கள் எண்ணைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். திரும்பி வந்ததும் எல்லா லேபலிலும் ஒரே விஷயம்தான் என்றால் பெட்டியில் அதை எழுதிவிட்டு "நியூ டாக்குமென்ட்". ஒவ்வொன்றிலும் வேறு வேறு என்றால் எழுதாமலே "நியூ டாக்குமென்ட்", வெற்றுக் கட்டங்கள் வரும். அங்கேயே இருக்கும் "பிரிண்ட்" பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தினால் என்ன வரப்போகிறது என்று பார்க்காமலே தாள் போய்விடும்.

பட்டியலில் உங்கள் எண் இல்லையென்றால் அதே இடத்தில் "நியூ லேபல்". ஒரு படமும் எட்டுப் பத்து எண் பெட்டிகளும் வரும். பயப்பட ஒன்றுமில்லை. கேட்பது இவ்வளவுதான்: தாளின் மேல் விளிம்பிலிருந்து முதல் லேபல் வரை எவ்வளவு, இடது விளிம்பிலிருந்து எவ்வளவு, லேபலின் உயரம், அகலம், குறுக்கே எத்தனை, கீழே எத்தனை, அப்புறம் "பிட்ச்" என்று இரண்டு. இந்த பிட்ச்தான் எல்லாரையும் குழப்பும். இடைவெளி என்று நினைத்துக்கொள்வார்கள். அது இல்லை. ஒரு லேபலின் இடது ஓரத்திலிருந்து அடுத்த லேபலின் இடது ஓரம் வரை உள்ள தூரம் அது. லேபலும் இடைவெளியும் சேர்ந்தது. 21 லேபல் தாளையே எடுத்துக்கொண்டால், அகலம் 63.5, நடுவில் விட்ட இடம் 2.5, ஆக குறுக்கு பிட்ச் 66. கீழ்நோக்கி இடைவெளியே கிடையாது, லேபல்கள் ஒட்டியே இருக்கும். அதனால் அங்கே பிட்ச்சும் உயரமும் ஒன்றே, 38.1.

கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள எளிய வழி, கூட்டிப் பார்ப்பது. 38.1ஐ ஏழால் பெருக்கினால் 266.7. ஏ4இன் உயரம் 297. மீதி 30.3. மேலும் கீழும் பாதிப் பாதி, 15.15. மேல் விளிம்பை ரூலரால் அளந்தால் 15 வருகிறதா? வந்தால் உங்கள் எண்கள் சரி. அளப்பதைவிடக் கூட்டுவது துல்லியம், ஏனென்றால் பள்ளி ரூலரில் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே கண்ணால் பிடிக்க முடியாது. ஒரு லேபலுக்குக் கால் மில்லிமீட்டர் தவறினாலும் ஏழாவது வரிசையில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே ஒரு லேபலை அளக்காமல், ஏழையும் மொத்தமாக அளந்து ஏழால் வகுங்கள்.

உங்கள் வேர்டு அங்குலத்தில் கேட்டால் மாற்றிக் கணக்குப் போட வேண்டாம். எண்ணுக்குப் பின்னால் எம்எம் என்று இரண்டு எழுத்தை ஆங்கிலத்தில் தட்டிவிட்டால் அதுவே புரிந்துகொள்ளும். ஓகே கொடுக்கும்போது, கொடுத்த அளவுகள் தாளைவிடப் பெரிதாகின்றன என்று சண்டைக்கு வந்தால், பெட்டியின் அடியில் தாள் அளவு லெட்டர் என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

வேர்டு இல்லாதவர்களுக்கு லிப்ரே ஆபிஸ் இலவசம், லேபலுக்கு ஒரு விதத்தில் வேர்டைவிட வசதியும்கூட. "ஃபைல்", "நியூ", "லேபல்ஸ்" என்று போனால் இதே கேள்விகளைக் கேட்கும். "ஆப்ஷன்ஸ்" பக்கத்தில் "சின்க்ரனைஸ் கன்டென்ட்ஸ்" என்று ஒன்று இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் முதல் லேபலில் மட்டும் அழகுபடுத்திவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் மற்ற இருபதும் அப்படியே மாறிவிடும்.

இனிக் கட்டத்துக்குள் எழுதுவது. இங்கே ஒரே விதிதான், கட்டத்தைத் தொடாதீர்கள். எழுத்து கொள்ளவில்லை என்று கோட்டைப் பிடித்து இழுப்பவர்கள் இருக்கிறார்கள். இழுத்தால் அந்த லேபல் மட்டும் கெடாது, அதற்குக் கீழே உள்ள எல்லாமே நகரும். இடம் போதவில்லையென்றால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது பெரிய லேபல் வாங்குங்கள். கட்டத்தின் உயரம் பூட்டி வைக்கப்பட்டிருப்பதால், அதிகமாக எழுதினால் கட்டம் பெரிதாகாது. கடைசி வரி அடியில் மறைந்துபோகும். "நேற்று அடிச்ச போன் நம்பரைக் காணோம்" என்று யாராவது சொன்னால், அது எங்கும் போகவில்லை, கட்டத்தின் தரைக்குக் கீழே இருக்கிறது.

தமிழில் லேபல் அடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு. மலாய், ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் அதிக இடம் பிடிக்கும். "ஜெருக் மங்கா" என்று மலாயில் ஒரு வரியில் முடிவது, "மாங்காய் ஊறுகாய்" என்று தமிழில் வந்தால் அதே எழுத்தளவில் அடுத்த வரிக்கு இறங்கும். மேலே "கி", "கீ" சுழி, கீழே "ழு", "கூ", "ஞ்சு" வால். வரி இடைவெளியை "எக்ஸாக்ட்லி" என்று இறுக்கி வைத்திருந்தால் சுழியும் வாலும் வெட்டுப்பட்டு "கீ"யும் "கி"யும் ஒன்றாகத் தெரியும். இடைவெளியை "சிங்கிள்" என்றே விட்டுவிடுங்கள். எழுத்துருவுக்கு விண்டோஸில் நிர்மலா யூஐ இருக்கும்; மேக்கில் நம் மலேசியர் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி. எதுவானாலும் யூனிகோடாக, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையில் இருக்கட்டும். வீட்டுக் கணினியில் பழைய எழுத்துருவில் அடித்துக் கடைக்குக் கொண்டுவந்தால், இங்கே அந்த எழுத்துரு இல்லாதபோது "ஊறுகாய்" என்பது காற்புள்ளியும் கேள்விக்குறியுமாக நிற்கும். லிப்ரே ஆபிஸில் எழுத்தளவை மாற்றியும் தமிழ் மட்டும் மாறாமல் அடம்பிடித்தால், "கேரக்டர்" பெட்டியில் பாருங்கள். ஆங்கிலத்துக்கு ஓர் அளவும் தமிழ் போன்ற மொழிகளுக்குத் தனியாக ஓர் அளவும் இருக்கும்.

விற்பதற்கான உணவு என்றால் தமிழ் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளின்படி இங்கே தயாரித்து அடைக்கும் உணவின் லேபல் மலாயில் இருக்க வேண்டும், வேறு மொழியையும் சேர்த்துக்கொள்ளலாம். பொருளின் பெயர், என்னென்ன சேர்த்தது, எடை, தயாரித்தவர் பெயர், முகவரி எல்லாம் வேண்டும். 63.5க்கு 38.1இல் இவ்வளவையும் திணித்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். முன்னால் பெயருக்கு ஒரு லேபல், பின்னால் மற்றதற்கு ஒரு லேபல் என்று பிரித்துக்கொள்வதே நல்லது. ஊறுகாய் அக்கா அப்படித்தான் செய்கிறார்.

அச்சிடும் வேலைக்கு வருவோம். லேபல் தாளை எடுத்து வைத்துவிட்டு முதலில் ஒரு வெள்ளைத் தாளில் அடியுங்கள். அடித்ததை லேபல் தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். வெட்டுக்கோடுகள் மங்கலாகத் தெரியும், எழுத்து அதற்குள் உட்காருகிறதா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும். பகலில் என்றால் கண்ணாடிச் சன்னலில் வைத்துப் பார்க்கலாம். லேபல் தாள் விலைக்கு இந்த ஒரு வெள்ளைத் தாள் ஒன்றுமே இல்லை.

பொருந்தவில்லை என்றால், எப்படிப் பொருந்தவில்லை என்று நின்று பாருங்கள். விலகல் விதத்திலேயே காரணம் இருக்கிறது. அக்காவுக்கு நேர்ந்த மாதிரி, வரிசை இறங்க இறங்க விலகல் கூடிக்கொண்டே போனால் டெம்ப்ளேட் எண் தவறு, அல்லது நீங்கள் கொடுத்த பிட்ச் தவறு. எல்லா வரிசையிலும் ஒரே அளவு, ஒரே பக்கம் விலகியிருந்தால் டெம்ப்ளேட் சரி. பிரிண்டர் தாளை இழுப்பதில் இரண்டு மில்லிமீட்டர் முன்பின். பல பிரிண்டர்களுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தின் மேல் மார்ஜினை அந்த அளவுக்குக் கூட்டியோ குறைத்தோ வைத்தால் தீர்ந்தது. மூன்றாவது வகைதான் விசித்திரமானது. நடு வரிசை கச்சிதமாக இருக்கும், மேல் வரிசை கீழ்நோக்கியும் கீழ் வரிசை மேல்நோக்கியும் நகர்ந்திருக்கும், எல்லாம் நடுவை நோக்கிச் சுருங்கிய மாதிரி. பக்கத்தையே சுருக்கி அடித்திருக்கிறது என்று அர்த்தம்.

பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவருகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அச்சிடும் பெட்டியில் "ஃபிட்" என்று இருந்தால், ஓரத்தில் பிரிண்டர் தொட முடியாத இடத்துக்காகப் பக்கத்தை 97 சதவீதம் போலச் சுருக்கிவிடும். மூன்று சதவீதம்தானே என்று தோன்றும். 297இல் மூன்று சதவீதம் கிட்டத்தட்ட 9 மி.மீ.! மேலே நாலரை, கீழே நாலரை. "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100 சதவீதம் என்று மாற்றுங்கள். வேர்டிலேயே அச்சிடும்போதும் "ஸ்கேல் டு பேப்பர் சைஸ்" என்ற இடத்தில் "நோ ஸ்கேலிங்" இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி "இதை லேபல்ல அடிச்சுக் குடுங்க அண்ணே" என்று கேட்பவர்களுக்கு என்னால் உதவ முடிவதில்லை, படத்தில் மில்லிமீட்டர் கணக்கே கிடையாது.

தாளை வைக்கும்போது எந்தப் பக்கம் அச்சு விழும் என்று தெரியாவிட்டால் வெள்ளைத் தாளில் பென்சிலால் ஓர் அம்பு போட்டு ஓட்டிப் பாருங்கள். பிரிண்டர் அமைப்பில் தாள் வகையை "லேபல்ஸ்" என்று மாற்றுங்கள். ஒவ்வொரு தாளாகக் கையால் கொடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்குப் பிரித்த லேபல் பாக்கெட் இரண்டு நாளில் ஓரம் சுருண்டுகொள்ளும்; சுருண்ட தாள் உள்ளே மாட்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே கனமாக எதையாவது வைத்துவிடுங்கள்.

லேசர் பிரிண்டரா இங்க்ஜெட்டா என்பதும் முக்கியம். லேசரில் தூள் மை 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உருகித்தான் தாளில் பிடிக்கும். இங்க்ஜெட்டுக்கென்று செய்த லேபலை அதில் விட்டால் பூச்சும் பசையும் இளகலாம். மறுபக்கம், இங்க்ஜெட் மை ஈரத்துக்கு ஆகாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் வியர்க்கும்போது எழுத்து அழும். ஊறுகாய், நெய் போன்றவற்றுக்கு லேசர்தான், அதுவும் முடிந்தால் தண்ணீர் படாத பிளாஸ்டிக் வகை லேபலில்.

பாதி உபயோகித்த தாள் விஷயம். "லேபல்ஸ்" பெட்டியில் "சிங்கிள் லேபல்" என்று தேர்ந்தெடுத்து எத்தனையாவது வரிசை, எத்தனையாவது பத்தி என்று சொன்னால் அந்த ஒரு லேபலில் மட்டும் அடிக்கும். மீந்த லேபலை வீணாக்க மனசு வராது, எனக்கும் வராது. இங்க்ஜெட்டில் கவனமாகச் செய்யலாம். லேசரில் வேண்டவே வேண்டாம். கடையில் சேர்ந்த புதிதில், எட்டு லேபல் உரித்த தாள் ஒன்றை சிக்கனம் பார்த்து லேசரில் மறுபடி விட்டேன். உரித்த இடத்தை ஒட்டியிருந்த லேபல் ஒன்று சூட்டில் கழன்று உள்ளே உருளையில் சுற்றிக்கொண்டது. அடுத்து வந்த ஒவ்வொரு தாளிலும் ஒரே இடத்தில் கறுப்புத் தழும்பு. அன்று முழுக்க முதலாளியும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

இனி கோயில் உறைகள். 200 பேருக்கு 200 முகவரி என்றால் ஒவ்வொரு கட்டமாகத் தட்டச்சு செய்வது பாவம். அதற்குத்தான் மெயில் மெர்ஜ். அந்தக் காலத்துத் தோட்டத்துக் கிராணி (கணக்கர்), செக்ரோல் என்ற ஆள் பெயர்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சம்பள உறையில் எழுதுவாரே, அந்த வேலையை வேர்டு செய்கிறது. புத்தகத்துக்குப் பதில் எக்செல் பட்டியல். பெயர் ஒரு பத்தி, வீட்டெண்ணும் தாமானும் (குடியிருப்பு) ஒரு பத்தி, அஞ்சல் குறியீடு ஒரு பத்தி, ஊர் ஒரு பத்தி, மாநிலம் ஒரு பத்தி. முகவரி முழுவதையும் ஒரே கட்டத்தில் கொட்டி வைத்தால் பின்னால் எதையும் பிரிக்க முடியாது.

வேர்டில் "மெய்லிங்ஸ்", "ஸ்டார்ட் மெயில் மெர்ஜ்", "லேபல்ஸ்". தாள் எண்ணைக் கொடுத்ததும் "செலக்ட் ரெசிபியன்ட்ஸ்" வழியாக எக்செல் கோப்பைக் காட்டுங்கள். முதல் கட்டத்தைத் தவிர மற்றவற்றில் "நெக்ஸ்ட் ரெக்கார்ட்" என்று ஒரு வார்த்தை தானே வந்து நிற்கும். குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அடுத்த ஆளுக்குப் போ என்று சொல்லும் கட்டளை அது. அழித்தால் அந்தக் கட்டத்தில் முந்தின ஆளின் பெயரே மறுபடி வரும். முதல் கட்டத்தில் "இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்ட்" மூலம் பெயர், முகவரி என்று அடுக்கிவிட்டு "அப்டேட் லேபல்ஸ்" அழுத்துங்கள். முதல் லேபலில் மட்டும் முகவரி வந்து மற்றதெல்லாம் வெறுமையாக இருந்தால், இந்தப் பொத்தானை மறந்துவிட்டீர்கள். கடைசியில் "ஃபினிஷ் அண்ட் மெர்ஜ்". நேரே அச்சுக்கு அனுப்பாமல், முதலில் தனி ஆவணமாக எடுத்து ஒரு முறை கண்ணோட்டம் விடுங்கள். நீளமான பெயர்களுக்கு, தகப்பனார் பெயரும் சேரும்போது, எப்படியும் இரண்டு மூன்று இடத்தில் வரி உடைந்திருக்கும்.

கண்ணோட்டம் விடும்போது கெடா, பெர்லிஸ் முகவரிகளை முதலில் பாருங்கள். எங்கள் ஊர் அஞ்சல் குறியீடு 31100க்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கூலிம் 09000, சுங்கைப் பட்டாணி 08000, அலோர் ஸ்டார் 05000, கங்கார் 01000. எக்செல்லுக்கு இவை எண்கள். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் எதற்கு என்று அது தானாகவே கழற்றிவிடும். கூலிமுக்குப் போக வேண்டிய உறை 9000 என்று நிற்கும். தட்டச்சு செய்யத் தொடங்கும் முன் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து "டெக்ஸ்ட்" வகைக்கு மாற்றிவிட்டால் பூஜ்யம் தங்கும். அடித்து முடித்த பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது. கைப்பேசி எண்ணுக்கும் இதே கதி.

அடுத்த வருஷம் அதே கோப்பைத் திறக்கும்போது எஸ்கியூஎல் கட்டளை ஓடப்போகிறது என்று ஓர் எச்சரிக்கை வரும். வைரஸ் என்று பயந்து கடைக்கு ஓடி வந்த கமிட்டிச் செயலாளரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் எக்செல் பட்டியலைத் திறக்கட்டுமா என்றுதான் அது கேட்கிறது. நீங்களே செய்த கோப்பு என்றால் "யெஸ்" கொடுங்கள். எக்செல் கோப்பை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால் மட்டும் மறுபடி காட்ட வேண்டியிருக்கும்.

சரியாக வந்த கோப்பை, லேபல் எண்ணைப் பெயரிலேயே வைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள்: "ஊறுகாய் 7160" என்பது போல. அக்கா இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார், வீட்டிலேயே திருத்திக்கொண்டு அச்சுக்கு மட்டும் வருகிறார். இந்த வருஷம் எலுமிச்சை ஊறுகாயும் போட்டார். பழைய கோப்பைத் திறந்து, "மாங்காய்" என்பதை "எலுமிச்சை" என்று "ரீப்ளேஸ் ஆல்" கொடுத்திருக்கிறார். 21 இடத்தில் மாற்றியாகிவிட்டது என்று கணினியும் சொன்னதாம். அடுத்த வரியில் இருந்த "ஜெருக் மங்கா" மட்டும் அப்படியே இருந்திருக்கிறது. வெள்ளைத் தாளில் அடித்து விளக்கில் பிடித்துப் பார்த்தோம், எழுத்து எல்லாம் கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று நானும் படிக்கவில்லை, அக்காவும் படிக்கவில்லை. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு மலாய்க்கார அம்மா பாட்டிலைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதில் மாங்காய் எங்கே?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்ததாம். அதற்குள் ஏழு பாட்டில் விற்றுவிட்டிருந்தது.